குளத்துத் தவளையும் குட்டைத் தவளையும்: காந்தி மார்க்கெட்டிலிருந்து கொள்ளிடம் வரை

ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ எழுதப்பட்ட இயற்கை வழிகாட்டிப் புத்தகங்களைப் புரட்டினால், தவளைகளை முதலில் இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடுவார்கள். ஒன்று குளத்துத் தவளைகள். பச்சை நிறம், வருஷம் முழுக்கத் தண்ணீரிலேயே வாசம், ஆள் வந்தால் 'தொபக்'கென்று உள்ளே குதிப்பது. மற்றொன்று பழுப்புத் தவளைகள். இவை முட்டையிட மட்டும் தண்ணீருக்கு வரும். மீதிக் காலம் புல்வெளியிலும் காட்டிலும் காய்ந்த இலைக்கு அடியிலும் திரியும். அறிவியல் பெயர் சொன்னால் முதல் கூட்டம் பெலோஃபிலாக்ஸ், இரண்டாவது ரானா.

நம்ம ஊர்ல இந்தக் கணக்கு செல்லுமா? பெலோஃபிலாக்ஸும் கிடையாது, அந்த ரானாவும் தமிழ்நாட்டில் கிடையாது. ஆனால் பச்சையாக ஒரு தவளை இருக்கிறது, பழுப்பாகப் பல தவளைகள் இருக்கின்றன. திருச்சி காந்தி மார்க்கெட்டிலிருந்து ஸ்ரீரங்கம் தாண்டிக் கொள்ளிடக் கரை வரை மழை நாட்களில் டார்ச் லைட்டோடு அலைந்து சேர்த்த குறிப்புகளையும், படித்ததையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். எனக்குக் கிடைத்த விடை இது: பிரிவு செல்லும், ஆனால் அதைப் பிரிக்கிற கோடு நிறத்தில் இல்லை. ஒரு தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்பதில் இருக்கிறது. அந்தக் கோடு தெரிந்தால் நகரத்தில் எந்தத் தவளை போச்சு, எது மிச்சம், ஏன் என்றும் ஓரளவு சொல்லிவிடலாம்.

முதலில் பெயர்க் குழப்பம்

தமிழில் தவளைக்குப் பெயர் குறைவில்லை. தவளை, தேரை, நுணல், மண்டூகம், சொறித்தவளை என்று இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் ஊருக்கு ஊர் ஆள் மாறும். பள்ளிப் பாடப் புத்தகத்தில் தேரை என்றால் தோல் முழுக்கச் சொறிசொறியாக இருப்பது. வீடுகளில் கேட்டால் பாத்ரூம் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதைத்தான் தேரை என்பார்கள். மார்க்கெட் ஓரத்தில் கீரை விற்கிற அம்மா ஒருவர், கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததை நான் குனிந்து பார்த்தபோது, "தொடாதே தம்பி, அது தேரை, கையில மரு வரும்" என்றார். அவர் காட்டியது சொறித்தவளை. மருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மரு வைரஸால் வருவது. ஆனால் சொறித்தவளையின் கண்ணுக்குப் பின்னால் உள்ள புடைப்பிலிருந்து கசியும் பால் விஷத்தன்மை உள்ளது. அதைத் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் எரியும். அதனால் அந்த அம்மா சொன்ன காரணம் தப்பு, எச்சரிக்கை சரி.

நுணல் என்ற சொல்லைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தன் வாயால் தானே கெடும் தவளை என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். அது பழமொழி நானூறில் வருகிறது. அங்கே அந்தத் தவளை இருப்பது குளத்தில் இல்லை, மணலுக்குள் புதைந்து கிடக்கிறது. கத்துவதால் மட்டுமே அகப்படுகிறது. இது வெறும் உவமை இல்லைங்க. மண்ணுக்குள் மாதக்கணக்கில் புதைந்து கிடந்து, மழை பெய்தவுடன் மேலே வந்து கத்துகிற தவளைகள் நம் சமவெளியில் நிஜமாகவே இருக்கின்றன. அந்தப் பாட்டை எழுதியவருக்கோ அவருக்குச் சொன்னவருக்கோ அது தெரிந்திருக்கிறது.

நிறத்தைப் பார்க்காதீங்க, காலைப் பாருங்க

பச்சை என்றால் குளம், பழுப்பு என்றால் நிலம் என்று வைத்துக்கொண்டால் நம் ஊரில் சீக்கிரமே தடுமாறுவோம். சாக்கடையிலும் குளத்திலும் எப்போதும் மிதக்கிற ஒரு தவளை சாம்பல் கலந்த பழுப்பு. வயலில் திரிகிற பெருந்தவளை சில நேரம் பச்சை, சில நேரம் பழுப்பு, கல்யாணக் காலத்தில் மஞ்சள். நிறம் மாறும், பின்னங்கால் மாறாது.

பின்னங்காலில் மூன்று விஷயம் பார்த்தால் போதும். ஒன்று, விரல்களுக்கு நடுவே உள்ள சவ்வு. விரல் நுனி வரை சவ்வு நிறைந்திருந்தால் அது தண்ணீர்வாசி, அந்தக் கால் ஒரு துடுப்பு. சவ்வு பாதியோடு நின்றால் அது தரையிலும் நிறைய நேரம் கழிக்கிற தவளை. இரண்டு, குதிகால் பக்கம் உள் ஓரத்தில் ஒரு முண்டு. அது மண்வெட்டி மாதிரி தட்டையாக, விளிம்பு கூராக இருந்தால் அது தோண்டுகிற தவளை. பின்னோக்கித் தோண்டிக்கொண்டே பின்பக்கமாக மண்ணுக்குள் இறங்கிவிடும். மூன்று, விரல் நுனியில் வட்டமான பட்டை. அது இருந்தால் ஏறுகிற தவளை. சுவர், வாழை மட்டை, பாத்ரூம் கண்ணாடி எதுவானாலும் ஏறும்.

தண்ணீரை விட்டு வராதவை

நம் குளத்துத் தவளை, பச்சைத் தவளை. தமிழ்நாட்டில் விலங்கியல் படித்த எல்லோருக்கும் இது பழைய சிநேகிதம்: ரானா ஹெக்ஸாடாக்டைலா. பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் மண்புழு, கரப்பான்பூச்சிக்குப் பிறகு வருவது இதுதான். கல்லூரி ஆய்வகங்களில் மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி மல்லாக்கப் படுக்கவைத்துத் தலைமுறை தலைமுறையாக அறுத்ததில் பெரும்பங்கு இந்தத் தவளைக்கு. பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் தொடங்கிய கட்டுப்பாடுகளுக்குப் பிறகுதான் அது நின்றது.

இதற்குப் பெயர் வைத்தவர் ரெனே லெஸ்ஸோன் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர், 1834-இல். மாதிரி கிடைத்த இடம் புதுச்சேரி. 'ஹெக்ஸாடாக்டைலா' என்றால் ஆறு விரல். இருப்பது என்னவோ முன்னால் நாலு, பின்னால் ஐந்து. பின்னங்காலில் துருத்திக்கொண்டிருக்கும் உள் முண்டு ஆறாவது விரல் மாதிரி தெரிந்ததால் வந்த பெயர். பிறகு யூஃப்லிக்டிஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். சமீப ஆண்டுகளில் ஃபிரைனோடெர்மா என்றும் எழுதுகிறார்கள். பாடப் புத்தகம் மட்டும் ரானாவை விடவில்லை.

ஒரு பெரிய உள்ளங்கை நிறையும் அளவு வளரும். முதுகு இளம்பச்சை, நடுவே பல தவளைகளுக்கு வெளிர்க் கோடு, வயிறு வெள்ளை. கண் தலைக்கு மேலேயே இருக்கும். அதனால் உடம்பெல்லாம் தண்ணீரில், கண் மட்டும் வெளியே என்று மணிக்கணக்காக மிதக்க முடிகிறது. இதன் சாப்பாடுதான் ஆச்சரியம். தவளை என்றாலே பூச்சி தின்னி என்றுதான் படித்திருக்கிறோம். இது சின்ன வயதில் பூச்சி தின்னும், வளர்ந்தபின் நீர்ச்செடியின் இலையையும் பூவையும் ஏராளமாகத் தின்னும். தென்னிந்தியாவில் இதன் உணவை ஆராய்ந்து இந்திரனீல் தாஸ் 1996-இல் வெளியிட்ட கட்டுரை இதை விரிவாகக் காட்டியது. வளர்ந்த தவளை இலை தின்பது உலகத்திலேயே அபூர்வம். ஆக இதற்குத் தண்ணீர் மட்டும் போதாது. ஆம்பல், அல்லி, பாசி, கரையோரக் கோரை என்று செடியோடு கூடிய தண்ணீர், வருஷம் முழுக்க வேண்டும்.

இரண்டாவது தண்ணீர்வாசி, தண்ணீர் மேல் கல் எறிந்தால் தத்திப் போகுமே, அப்படித் தத்தித் தத்திப் போகிற சின்னத் தவளை. வசதிக்காகத் தத்தித் தவளை என்று வைத்துக்கொள்கிறேன். யூஃப்லிக்டிஸ் சயனோஃப்லிக்டிஸ். பழுப்பு நிறம், கரும்புள்ளி, ஆனால் கால் சவ்வு நுனி வரை. அதாவது நிறத்தில் பழுப்புத் தவளை, வாழ்க்கையில் குளத்துத் தவளை. இதற்குக் குளம் சுத்தமாக இருக்க வேண்டியதில்லை. சாக்கடை, கோயில் குளம், செங்கல் சூளைப் பள்ளம், சிமெண்ட் தொட்டி எதுவும் சரி. தண்ணீர் வற்றினால் சேற்றில் ஒண்டிக்கொள்ளும்.

'கிணற்றுத் தவளை' என்று நாம் திட்டுகிற தவளை யாரென்று பார்த்தால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். உலகம் தெரியாதவன் என்று அர்த்தப்படுத்திவிட்டோம். ஆனால் வருஷம் முழுக்க வற்றாத தண்ணீர் வேண்டும் என்கிற பிராணிக்கு, கோடையில் கிணற்றைவிட நல்ல இடம் எது?

வந்து போகிறவை

இனி பழுப்புக் கூட்டம். எண்ணிக்கையில் இதுதான் பெரிசு.

வயல் வரப்பில் கால் வைத்தால் நாலு பக்கமும் தெறிக்கிற கட்டைவிரல் அளவுத் தவளை இருக்கே, அது சில்வண்டுத் தவளை. குரல் சில்வண்டு மாதிரியே இருக்கும். இந்தக் கூட்டத்தில் ஒன்றுக்கு 1853-இல் அக்ரிகோலா என்று பெயர் வைத்தவர் ஜெர்டன். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர், பறவைகள் பற்றிய நூலால் பெயர் பெற்றவர். அக்ரிகோலா என்றால் உழவர். நல்ல பெயர்.

அதே 1853-இல் ஜெர்டன் இன்னொரு தவளைக்கும் பெயர் வைத்தார், கிராஸா என்று. உருண்டு திரண்ட பெருந்தவளை. கிடைத்த இடமாக அவர் குறித்தது 'கர்நாட்டிக்'. அன்று அந்தப் பெயரில் சொல்லப்பட்ட சமவெளியில் திருச்சியும் அடக்கம். இதன் பின்னங்கால் முண்டு நல்ல மண்வெட்டி. இதற்கு அண்ணன் முறை, மாட்டுத் தவளை என்று படித்திருப்பீர்களே, டைகரினஸ். இந்தியத் தவளைகளில் மிகப் பெரியது. சாதாரண நாளில் பச்சையோ பழுப்போ கலந்த கரும்புள்ளிக்காரன். பெரிய மழை பெய்த மறுநாள் காலை ஆண் தவளைகள் எலுமிச்சை மஞ்சளாகி, தொண்டையின் இரு பக்கமும் நீலப் பை வைத்துக்கொண்டு வயலில் மிதக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் பிளாஸ்டிக் பொம்மை என்றே நினைப்பார்கள். ஓரிரு நாளில் கூட்டம் கலைந்து நிறமும் போய்விடும்.

மண்ணில் புதைகிறவை தனி. ஸ்ஃபீரோதீகா என்ற தோண்டித் தவளை, ஊதின பலூன் மாதிரி இருக்கிற யூபெரோடான். பின்னது கறையான், எறும்பு தின்று வாழ்வது. பழமொழியில் வரும் நுணல் இந்த இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். மணலுக்குள் முழுகிக் கிடக்கும் என்ற விவரம் வேறு எதற்கும் இவ்வளவு பொருந்தவில்லை.

பிறகு மைக்ரோஹைலா. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, குரலோ பத்து மடங்கு. சீப்பின் பல்லை விரலால் வருடினால் வருமே, அந்தச் சத்தத்தைப் பெரிசாக்கிக்கொள்ளுங்கள். சொறித்தவளையும் இந்தக் கூட்டத்தில்தான் சேரும். தண்ணீரில் கயிறு மாதிரி இரண்டு சரம் முட்டை விட்டுவிட்டு வீதிக்குத் திரும்பிவிடும்.

கடைசியாக ஏறுகிறவர், மரத்தேரை. ஆங்கிலத்தில் இதற்கு 'சுணாம்' தவளை என்றும் பெயர் உண்டு. சுண்ணம், சுண்ணாம்பு என்று நாம் சொல்கிற அதே சொல். சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பது. முட்டையைத் தண்ணீருக்குள் இடாது. தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இலையிலோ தொட்டி விளிம்பிலோ நுரையைக் கடைந்து அதற்குள் இடும். தலைப்பிரட்டை வளர்ந்ததும் சொட்டி விழும். தேங்காயை உடைத்தால் பருப்பு சுருங்கிப் போயிருக்கும்போது 'தேரை விழுந்த காய்' என்பார்களே, அந்தப் பழியைச் சுமப்பதும் இதுதான். தென்னை உச்சியில் ஈரத்துக்காக ஒண்டியிருப்பது உண்மை. ஓட்டைத் துளைக்க அதற்குப் பல்லும் இல்லை, பலமும் இல்லை. சத்துக் குறைவு, மகரந்தச் சேர்க்கை சரியில்லாமை, ஈரியோபைட் சிலந்திப் பேன் இவைதான் காய் கெடக் காரணம்.

வற்றப்போகிற தண்ணீரில் ஏன் முட்டையிட வேண்டும்?

நாலு வாரத்தில் காய்ந்துவிடும் குட்டையில் குஞ்சை விடுவது முட்டாள்தனமாகத் தெரியும். பக்கத்திலேயே பெரிய குளம் இருக்கும்போதும் இந்தத் தவளைகள் ரோட்டோரப் பள்ளத்தைத் தேடிப் போகின்றன.

காரணம் மீன். வற்றாத தண்ணீர் என்றால் அங்கே மீன் இருக்கும், ஆமை இருக்கும், பெரிய தட்டான் குஞ்சுகள் இருக்கும். தவளை முட்டையும் தலைப்பிரட்டையும் அவற்றுக்குத் தயிர்சாதம். நேற்றுப் பெய்த மழையில் உண்டான குட்டையில் மீன் கிடையாது. பாசி புதிதாகப் பிடிக்கும், சூரிய வெப்பத்தில் தண்ணீர் சூடாகும், தலைப்பிரட்டை வேகமாக வளரும். அதற்கு விலை, நேரம். குட்டை காய்வதற்குள் வால் போய்க் கால் முளைத்து வெளியே வந்துவிட வேண்டும். வந்து போகிற தவளைகளில் பலவும் மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் இதை முடித்துவிடுகின்றன. மாட்டுத் தவளையின் தலைப்பிரட்டை இன்னும் ஒரு படி மேலே போய், அதே குட்டையில் உள்ள மற்ற தலைப்பிரட்டைகளைத் தின்று வளர்கிறது. அந்தமானில் இந்தத் தவளை வெளியிலிருந்து போய்ச் சேர்ந்து பெரிய தலைவலியானதற்கு இந்தப் பசியும் ஒரு காரணம்.

பச்சைத் தவளைக்கு இந்த ஓட்டம் தேவையில்லை. அது மீனோடு வாழப் பழகியது. அதற்குத் துணை செடிகள். குஞ்சு ஒளிந்துகொள்ள அடர்ந்த நீர்ச்செடி இருந்தால் மீனும் இருக்கலாம், தவளையும் இருக்கலாம். செடியை வழித்துவிட்டு ஜிலேபிக் கெண்டையையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் விட்டால், தண்ணீர் நிறைய இருந்தும் பச்சைத் தவளைக்கு இடமில்லை.

ஆக ஓர் ஊரில் தவளை வகை நிறைய இருக்க வேண்டுமென்றால் இரண்டு வகைத் தண்ணீரும் வேண்டும். வற்றாதது ஒன்று, வற்றுவது ஒன்று. இரண்டுக்கும் நடுவே நடந்து போகிற தூரத்தில் மண்ணும் வேண்டும்.

மார்க்கெட்டைச் சுற்றி

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்கு வாங்க. நள்ளிரவில் லாரி வந்து முட்டைகோஸும் வெங்காயமும் இறக்குகிற இடம். சுற்றிலும் தார், சிமெண்ட், சாக்கடை. இங்கே நான் பார்த்தவை மூன்று. விளக்குக் கம்பத்தடியில் பூச்சிக்காகக் காத்திருக்கும் சொறித்தவளை, சாக்கடையில் தத்தித் தவளை, எப்போதாவது வாழைத்தாரோடு வந்து இறங்குகிற மரத்தேரை. பச்சைத் தவளை கிடையாது, தோண்டுகிறவை கிடையாது, சில்வண்டுத் தவளையும் கிடையாது.

இந்த இடம் எப்போதும் இப்படி இல்லை. மார்க்கெட்டை ஒட்டிப் போகிற ரோட்டை ஈ.பி. ரோடு என்போம். பழைய ஆட்கள் கீழப்புலிவார்டு ரோடு என்பார்கள். அந்தப் பக்கம் மேலப்புலிவார்டு ரோடு. புலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, 'பூலிவார்ட்' என்ற ஆங்கிலச் சொல் தமிழ் வாயில் புலிவார்டு ஆனது. மலைக்கோட்டையைச் சுற்றி மதிலும் அகழியும் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள், அதன் தடத்தில்தான் இந்த ரோடுகள். மெயின்கார்டு கேட் மட்டும் மிச்சம். ஒரு கோட்டை அகழி தவளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நடுவில் ஆழம், ஓரத்தில் சேறு, செடி, மழைக்கு ஏறி வெயிலுக்கு இறங்கும் தண்ணீர். அங்கே தவளைகளைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இரண்டு வகைத் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைத்திருக்கும்.

கொஞ்சம் தெற்கே பாலக்கரைப் பக்கம் உய்யக்கொண்டான் ஓடுகிறது. பேட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிற சோழர் காலத்து வாய்க்கால், சுமார் 71 கிலோமீட்டர் நீளம். நகரத்துக்கு வெளியே அதன் கரை மண்ணாகவும் பக்கத்தில் வயலாகவும் இருக்கும் இடங்களில் சில்வண்டுத் தவளை, பெருந்தவளை, பச்சைத் தவளை என்று கச்சேரி முழுசாகக் கேட்கும். அதே தண்ணீர் நகரத்துக்குள் வந்ததும் சாக்கடை கலந்து, இரு பக்கமும் சுவர் எழும்பி, தத்தித் தவளையின் தனிக் கச்சேரி ஆகிவிடுகிறது.

ஆற்றைத் தாண்டி

காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து, கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்கி வருகிற இடைவெளியில் உள்ள தீவு. தெருக்களைத் தாண்டி வெளியே போனால் வாழை, தென்னை, நெல், இடையிடையே வாய்க்கால்.

இந்தத் தீவின் தவளைகளுக்கு இரண்டு கடிகாரம். ஒன்று மேட்டூர். வழக்கமாக ஜூன் 12-இல் அணை திறந்தால் சில நாளில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். குளத்துத் தவளைகளுக்கு அது போதும், தெம்பாகிவிடும். தோண்டுகிறவையும் மாட்டுத் தவளையும் அந்தத் தண்ணீருக்கு அசைவதில்லை. அவற்றின் கடிகாரம் மழை. ஆவணியில் இடி மழை நல்லா பெய்தால் சில வருஷம் அப்போதே. இல்லாவிட்டால் ஐப்பசி. அந்த முதல் பெருமழை ராத்திரி வாழைத் தோட்டத்தில் நின்றால் பக்கத்தில் பேசுகிறவர் குரல் கேட்காது. வாழைக்கு வெட்டின பாத்திகளில் தேங்குகிற தண்ணீர் நாலைந்து வாரம் நிற்கும். யாரும் தவளைக்காக வெட்டியதில்லை, ஆனால் அளவெடுத்தது போல அமைந்துவிட்டது. வாழை மட்டை இடுக்கில் மரத்தேரை, பாத்தியில் மைக்ரோஹைலா, வரப்பில் சில்வண்டுத் தவளை, வாய்க்காலில் பச்சைத் தவளை. ஒரே தோட்டத்தில் நாலு வாடகைக்காரர்கள்.

வடக்கே கொள்ளிடம். வெள்ளம் வந்தால் கடல், வடிந்தால் மணல். வடிந்தபின் மணலில் ஆங்காங்கே மடுவும் குட்டையும் மிச்சமிருக்கும். பெரிய ஆறே குட்டைகளாகப் பிரிந்து கிடக்கிற நேரம் அது. ஈர மணல், மீன் குறைந்த சின்னக் குட்டை, பக்கத்தில் கோரை. நுணல் என்ற சொல் எனக்கு இந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் புரிந்தது. மணலை ஆழமாக அள்ளினால் போவது ஆற்றின் தண்ணீர் மட்டுமில்லை, அந்த மணலுக்குள் படுத்திருக்கிறவையும்தான்.

கால் போன கதை

தவளையை இழந்தால் என்ன என்ற கேள்விக்கு இந்தியா ஏற்கெனவே ஒருமுறை பதில் தேடியிருக்கிறது. ஒரு காலத்தில் உலகத்துக்குத் தவளைக் கால் அனுப்பிய நாடுகளில் நாம் முன்னணி. கொச்சி முக்கியமான துறைமுகம். 1980-களின் தொடக்கத்தில் ஒரு வருஷத்தில் 4,000 டன்னுக்கு மேல் கால் போனது. டன் கணக்கு காலுக்கு மட்டும். மீதி உடம்பு இங்கேயே கொட்டப்பட்டது. பெரும்பாலும் பிடிபட்டவை மாட்டுத் தவளையும் பச்சைத் தவளையும். குளத்துக் கூட்டத்தின் பெரியவரும், குட்டைக் கூட்டத்தின் பெரியவரும்.

மாட்டுத் தவளை வயலில் நண்டு, பூச்சி தின்கிற பிராணி. அதைப் பிடித்து விற்று வரும் அந்நியச் செலாவணியைவிடப் பூச்சிமருந்துக்குச் செலவழிப்பது அதிகமாகும் என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஹுமாயூன் அப்துல் அலி போன்றவர்கள் தொடர்ந்து எழுதினார்கள். 1985-இல் இரண்டு தவளைகளும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. 1987-இல் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. வியாபாரம் வங்கதேசத்துக்கும் இந்தோனேசியாவுக்கும் நகர்ந்தது.

பிடிப்பதை நிறுத்த ஒரு உத்தரவு போதுமாக இருந்தது. இப்போது நடப்பது வேறு. யாரும் தவளையைப் பிடிப்பதில்லை, அது இருக்கிற இடத்தை அழகாக்குகிறோம்.

கரை

ஊர்க் குளத்தைச் சீரமைக்கிறார்கள் என்றால் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். குப்பை மேடாகக் கிடந்ததில் தண்ணீர் நிற்பது நல்ல விஷயம். ஆனால் பெரும்பாலும் செய்வது என்ன? சரிவாக இருந்த கரையை வெட்டி நேராகச் சுவர் எழுப்புவது, செடியை வழிப்பது, சுற்றிலும் சிமெண்ட் கல் பதித்த நடைபாதை, உயரமான விளக்கு, பக்கத்துப் பள்ளங்களை மேடாக்கிச் சமப்படுத்துவது. இதில் ஒவ்வொன்றையும் மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள்.

செடி போனால் பச்சைத் தவளைக்குச் சாப்பாடும் போச்சு, குஞ்சுக்கு ஒளியிடமும் போச்சு. கரையோரப் பள்ளம் போனால் வந்து போகிறவர்களுக்குப் பிரசவ அறை இல்லை. சுவர் செங்குத்தாக இருந்தால், தப்பித்தவறிக் குளத்தில் பிறந்த ஒரு சென்டிமீட்டர் குட்டித் தவளைகளில், ஏறத் தெரியாதவை வெளியே வர வழியில்லை. வெளியே வந்தாலும் சூடான கல்லைத் தாண்டி மண் கிடையாது. மிஞ்சுவது யார்? தத்தித் தவளை, சொறித்தவளை, மரத்தேரை. அதாவது மார்க்கெட்டில் நான் பார்த்த அதே மூன்று பேர். புதுக் குளங்களில் தவளைச் சத்தம் கேட்கத்தான் செய்யும். எத்தனை வகைக் குரல் என்று எண்ணினால்தான் வித்தியாசம் தெரியும்.

பழைய கோயில் குளங்களின் படிக்கட்டைப் பாருங்கள். அது மனிதனுக்காகக் கட்டியது. ஆனால் தண்ணீர் இறங்க இறங்க ஒவ்வொரு படியும் ஒரு கரையாகிறது, தவளையும் ஏறி வந்துவிடுகிறது. மண் சரிவு இன்னும் நல்லது. ஒரு பக்கம் மட்டும், பத்தடி நீளத்துக்குச் சரிவை விட்டுவைத்தாலும் உதவும். சுவர் கட்டியாகிவிட்டதா, நாலு இடத்தில் கருங்கல்லைச் சரித்துப் போட்டால் ஏணி ஆகிவிடும். குளத்துக்கு வெளியே முழங்கால் ஆழத்தில் ஒரு பள்ளத்தைத் தூர்க்காமல் விடுங்கள், அதில் மீன் விடாதீர்கள். கொசு வருமே என்பார்கள். கொசு நகரத்தில் அதிகம் வளர்வது மூடாத தொட்டி, டயர், தேங்காய் ஓடு இவற்றில். மழைக் குட்டையில் தட்டான் குஞ்சும் நீர்வண்டும் கொசுப்புழுவைத் தின்ன வந்து சேர்ந்துவிடும்.

வீட்டில் தோட்டம் இருக்கிறவர்கள் கிணற்றுக்குள் ஒரு மூங்கிலைச் சாய்த்து வைக்கலாம். முதல் பெருமழை ராத்திரி வயலோர ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் மெதுவாகப் போகலாம். வருஷம் முழுக்கக் காத்திருந்து அவை ரோட்டைக் கடக்கிற ராத்திரி அது.

இந்த ஐப்பசியில் உங்கள் தெருவில் எத்தனை வகைக் குரல் கேட்கிறது என்று ஒரு ராத்திரி எண்ணிப் பாருங்கள். முடிந்தால் ஒன்றைப் பிடிக்காமலே காலைப் போட்டோ எடுங்கள், சவ்வும் முண்டும் தெரிகிற மாதிரி. நிறத்தை மட்டும் சொல்லி 'இது என்ன தவளை' என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. தலைப்பிரட்டைகளை வாயை வைத்து அடையாளம் காண்பது எப்படி என்று அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.